படத்தில் இருந்த உடைசல்

என் கணவர் அந்தப் படத்தை முதன்முதலில் என்னிடம் காட்டியபோது நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணி இருக்கும். அடுப்பில் குழம்பு கொதிக்கத் தொடங்கியிருந்தது. அவர் சமையலறை வாசலில் வந்து நின்று, காகிதத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, "எப்படி இருக்கு?" என்று கேட்டார். நிமிர்ந்து ஒரு தரம் பார்த்தேன். எங்கள் வீட்டுக் காப்பி மெஷின். "அப்படியே இருக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வெண்டைக்காயை எடுத்தேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்விட்டார்.

அந்த ஒரு நிமிடம் நான் ஒழுங்காகப் பார்த்திருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது. பல வருடங்களாக எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது எழுதி வைக்கிறேன்.

அப்போது நாங்கள் பெங்களூரில், ஜோகுபாளையத்தில் குடியிருந்தோம். ஒரு பெரிய கேட்டுக்குள் ஐந்து வீடுகள், நடுவில் முற்றம், முற்றத்தில் ஐந்து வீட்டுக்கும் சேர்த்து ஒரே குழாய். என் கணவரின் குடும்பம் மூன்று தலைமுறையாக மைசூர் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்த குடும்பம். அவரும் ஒரு சர்க்கார் ஆபீஸில் டிராப்ட்ஸ்மேன். பாலங்களுக்கும் மதகுகளுக்கும் படம் போடுவது வேலை. ஆபீஸில் ஸ்கேலும் காம்பஸும் வைத்துக் கோடு போட்டுப் போட்டு அலுத்துப்போய், ஞாயிற்றுக்கிழமைகளில் வெறும் பென்சிலால் வீட்டுச் சாமான்களை வரைவார். செம்பு, குடை, என் தையல் பெட்டி, கதவில் தொங்கும் பூட்டு. வரைந்து முடித்ததும் மூலையில் சின்ன எழுத்தில் தேதி போடுவார். அது ஆபீஸ் பழக்கம். பிறகு காகிதத்தை ஒரு அட்டைக்குள் வைத்து பீரோவுக்கு மேலே போட்டுவிடுவார். யாருக்கும் காட்டமாட்டார், என்னைத் தவிர. நானும் பார்த்தவள் இல்லை.

காப்பி மெஷின் என் அப்பா கொடுத்தது. அப்பா ஆனேக்கலில் தாலுக்கா ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தார். கல்யாணமான மறுமாதம் அதை ஒரு கோணிப்பையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்து இறங்கினார். வார்ப்பிரும்பு மெஷின். மேஜை விளிம்பில் திருகி மாட்டவேண்டும். மேலே கிண்ணம் போல அகன்ற வாய். அதில் வறுத்த கொட்டையைப் போட்டு, பக்கத்துக் கைப்பிடியைச் சுற்றினால் கீழே பொடி விழும். கைப்பிடியின் முனையில் ஒரு மரக்குமிழ். எங்கள் சமையலறையில் வெளிச்சம் குறைவு. மேஜை மூலையில் இருந்தது. மெஷின் அந்த மூலையிலேயே இரண்டு வருடம் இருந்தது. தினமும் காலையில் அதைச் சுற்றினேன். கைக்கு அது நன்றாகத் தெரியும். கண்ணுக்குத் தெரிந்ததா என்றால், இல்லை.

எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில் ஒரு தையற்காரர் குடும்பம் இருந்தது. கத்தோலிக்கர்கள். அவருக்கு அல்சூர் பஜாரில் கடை. பட்டாளத்துக்காரர்களின் சட்டைகளைத் தைத்துக்கொடுப்பார். அவர் மனைவிக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம். ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். நான் அவளை நீ, வா, போ என்றுதான் பேசுவேன். அது அப்படித்தான் என்று இரண்டு பேருமே எடுத்துக்கொண்டிருந்தோம். அவர்களுக்கு ஒரே மகள். எட்டு வயது. வாயில் முன்பல் இரண்டும் விழுந்து புதிதாக முளைத்துக்கொண்டிருந்தது. குழாயடியில் என்னைப் பார்த்தால் "குட் மார்னிங் ஆன்ட்டி" என்பாள், சாயங்காலமாக இருந்தாலும்.

மொழிவாரியாகப் பிரித்து மைசூர் ராஜ்யம் பெரிதான மறு வருடம், ஐம்பத்தேழில், அந்தப் பெண்ணுக்குப் புதுநன்மை. அவர்கள் கோயிலில் குழந்தைகள் முதன்முதலாக நற்கருணை வாங்குவதை அப்படிச் சொல்வார்கள். கல்யாணம் மாதிரி வெள்ளைக் கவுன், தலையில் வலை, வீட்டில் உறவினர் கூட்டம். அதற்கு முந்தின நாள் தையற்காரர் மனைவி வந்து, "அக்கா, நாளைக்கு நாப்பது பேருக்குக் காப்பி போடணும். உங்க மெஷின் ஒரு நாளைக்குக் கொடுப்பீங்களா?" என்று கேட்டாள். கொடுத்தேன். மனசில்லாமல் கொடுத்தேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் "பத்திரம், எங்க அப்பா கொடுத்தது" என்று இரண்டு முறை சொன்னேன்.

புதுநன்மை முடிந்த மறுநாள் காலையில் அவள் அதைத் திருப்பிக் கொண்டுவந்தாள். துடைத்து, ஒரு வெள்ளைத் துண்டில் சுற்றி, கூடவே ஒரு தட்டில் இரண்டு துண்டு கேக். நான் முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அங்கேயே, வெயிலில், துண்டைப் பிரித்தேன். மெஷினின் வாய் விளிம்பில் ஒரு இடம் உடைந்திருந்தது. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சில்லு இல்லை. அந்த இடத்திலிருந்து மயிரிழை போல ஒரு விரிசல் கீழே இறங்கியிருந்தது.

"இது என்ன?" என்று கேட்டேன்.

"எது அக்கா?"

"இந்த ஓரம். உடைஞ்சிருக்கு பாரு."

அவள் குனிந்து பார்த்தாள். "அது முன்னாடியே அப்படித்தான்க்கா இருந்துச்சு. நான் வாங்கிட்டுப் போனப்பவே பார்த்தேன்."

"என் வீட்டு மெஷின் எனக்குத் தெரியாதா?"

"இல்லக்கா, நெஜமாத்தான்."

குழாயடியில் மூன்று நான்கு பேர் இருந்தார்கள். வீட்டுக்காரம்மாவும் இருந்தார். கன்னடக்காரர், வாடகை வசூலும் நியாயம் சொல்வதும் அவர்தான். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்படி அவர்கள் பார்த்ததும் எனக்குக் குரல் ஏறிவிட்டது.

"உடைச்சதுகூடப் பரவாயில்ல. பொருள்னா உடையத்தான் செய்யும். உடைச்சுட்டு மறைக்கிறியே, அதைத்தான் என்னால தாங்க முடியல" என்றேன்.

 அவள் முகம் சிவந்திருந்தது. கேக் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் வாங்கிக்கொள்ளாததால் துவைக்கிற கல்லின் மேல் வைத்துவிட்டுப் போனாள். அவள் கதவைத் தாண்டுவதற்குள், மற்றவர்கள் பக்கம் திரும்பி, "இவங்களுக்குக் கொடுத்தா இப்படித்தான்" என்றேன். அவளுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். 'இவங்க' என்று நான் யாரைச் சொன்னேன் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் புரிந்தது. யாரும் என்ன இப்படிப் பேசுகிறாய் என்று கேட்கவில்லை. கேக்கை நான் காக்கைக்குப் போட்டேன்.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் செய்யவில்லை. செய்ய வேண்டியிருக்கவும் இல்லை. அவள் ஆட்டுக்கல் குழவி கேட்டால் இல்லை என்றார்கள். முறம் கேட்டால், "இப்பத்தான் வேணும்" என்றார்கள். அவள் குடத்தைக் குழாயடியில் வைத்தால் அடுத்த குடம் கொஞ்சம் தள்ளி வைக்கப்பட்டது. ஒரு வாரம் கழித்து வீட்டுக்காரம்மாவின் வெந்நீர்த் தவலையில் நசுங்கல் ஒன்று தெரிந்தபோது, அவர் முதலில் திரும்பிப் பார்த்தது எதிர்வீட்டைத்தான். அந்தச் சின்னப் பெண் எனக்குக் குட் மார்னிங் சொல்வதை நிறுத்தினாள். என்னைக் கண்டால் உள்ளே ஓடிவிடுவாள். உடைத்தது அவளாக இருக்கும், அதனால்தான் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். இரண்டு மாதத்தில் அவர்கள் வீட்டைக் காலிசெய்துகொண்டு போனார்கள். கட்டை வண்டியில் தையல் மெஷினும் கட்டிலும் ஏறின. அவள் எல்லாரிடமும் போய்ச் சொல்லிக்கொண்டாள். என்னிடமும் வந்து, "வரேன்க்கா" என்றாள். "சரி" என்றேன்.

வருடம் திரும்பியது. என் கணவரின் ஆபீஸில் ஊழியர்கள் சேர்ந்து ஒரு கைவேலைக் கண்காட்சி வைத்தார்கள். யார் யாருக்கு என்ன தெரியுமோ கொண்டுவரலாம் என்றார்கள். ஒருவர் தீக்குச்சியால் கோபுரம் கட்டினார், ஒருவர் மனைவி கம்பளி பின்னினார். "உங்க படங்களைக் கொடுங்களேன்" என்று நான்தான் பிடுங்கியெடுத்தேன். அட்டைக்குள்ளிருந்து நாலு படங்களை அவரே தேர்ந்தெடுத்துக் கொண்டுபோனார். எதெது என்று நான் பார்க்கவில்லை.

சனிக்கிழமை மதியம் பார்க்கப் போனேன். ஹாலில் நல்ல வெளிச்சம். உயரமான ஜன்னல்கள். அவர் படங்களைக் கறுப்புக் காகிதத்தில் ஒட்டிச் சுவரில் மாட்டியிருந்தார்கள். காப்பி மெஷின் படத்துக்கு முன்னால் ஒரு கணவன் மனைவி நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கன்னடக்காரர்கள். நானும் போய்ப் பின்னால் நின்றேன். படம் போட்டவரின் மனைவி என்று அவர்களுக்குத் தெரியாது. அதில் ஒரு சந்தோஷம் எனக்கு.

அப்போதுதான் அந்தப் படத்தைப் பார்த்தேன். பார்த்தேன் என்றால், நின்று, ஒன்றும் நறுக்காமல், கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன்.

இரும்பு கறுப்பு. ஆனால் அவர் எங்குமே கறுப்பாகத் தீட்டவில்லை. சின்னச் சின்னக் கோடுகளாக, ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு, இரும்பின் சொரசொரப்பைக் கொண்டுவந்திருந்தார். தொட்டால் விரலில் படும் போல இருந்தது. மரக்குமிழ் மட்டும் வழவழப்பு. அதன் ஒரு பக்கம் காகிதத்தை அப்படியே வெள்ளையாக விட்டிருந்தார், அது வெளிச்சமாகிவிட்டது. அந்தப் பளபளப்பு என் கையால் வந்தது. இரண்டு வருடம் தினமும் நான் பிடித்துச் சுற்றியதால் தேய்ந்த பளபளப்பு. மேஜை நசுங்காமல் இருக்கத் திருகுக்கு அடியில் நான் மடித்து வைத்திருந்த பழைய ரவிக்கைத் துணியும் இருந்தது. அதன் கிழிந்த ஓரத்து நூல்கள்கூட இருந்தன. கீழே கிண்ணத்தில் கொஞ்சம் பொடி. கிண்ணத்துக்கு வெளியே சிந்திய பொடி, ஏழெட்டுப் புள்ளிகள். நான் துடைக்காமல் விட்ட மேஜை. என் சமையலறை மூலையில், நான் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்தபோது, ஒரு மனிதர் உட்கார்ந்து இவ்வளவையும் பார்த்திருக்கிறார்.  பெருமையாகத்தான் இருந்தது.

அந்த அம்மாள் தன் கணவரிடம் விரலை நீட்டிக் காட்டினார். "நோட்ரீ, ஒடெதிரோதன்னூ ஹாகே பர்திதாரெ." பாருங்கள், உடைந்திருப்பதைக்கூட அப்படியே வரைந்திருக்கிறார் என்று.

அவர் விரல் காட்டிய இடம் மெஷினின் வாய் விளிம்பு. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சில்லு இல்லை. அங்கிருந்து ஒரு விரிசல் இறங்கியது. படம் முழுவதும் மெல்லிய கோடுகள். அந்த விரிசலுக்கு மட்டும் பென்சிலைக் கூராகச் சீவி, ஒரே அழுத்தில் போட்டிருந்தார். மூலையில் தேதி. புதுநன்மைக்கு மூன்று வாரம் முந்தின ஞாயிற்றுக்கிழமை.

அவர்கள் அடுத்த படத்துக்கு நகர்ந்தார்கள். நான் நகரவில்லை. தேதியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவர் கைப்பட எழுதியது, சந்தேகமில்லாமல் தெளிவாக இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் கணவரிடம் கேட்டேன். "அந்த மெஷின் படம் போடும்போதே உடைஞ்சிருந்ததா?"

"ஆமா. அந்த உடைசல் இருந்ததாலதான் போட்டேன். வெளிச்சம் அதுல அழகா விழுந்தது."

"எதிர்வீட்டு அம்மாவை நான் திட்டினது உங்களுக்குத் தெரியுமா இல்லையா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பார்த்தபடியே சொன்னார். "அன்னிக்குச் சாயங்காலம் மெஷினை உடைச்சுட்டாங்கன்னுதான் நீ சொன்னே. எங்கே உடைஞ்சதுன்னு கேக்கல. ரெண்டு மூணு நாள் கழிச்சுப் பார்த்தேன். இது பழசாச்சேன்னு தோணிச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொல்லணும்னுதான் நெனச்சேன். எல்லார் முன்னாடியும் பேசிட்டு வந்திருக்கே. இப்ப போய் நான் சொன்னா உனக்கு அவமானமா இருக்குமேன்னு விட்டுட்டேன். அப்புறம் நாளாயிடுச்சு."

அவர்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபம் எனக்குச் சௌகரியமாக இருந்தது. பாதியையாவது அவர் தலையில் வைத்துவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் வீடு வந்து சேர்வதற்குள் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. அவர் அந்தப் படம் போடுவதற்குச் சில நாள் முன்னால், மேஜையைத் தேய்த்துக் கழுவுவதற்காக மெஷினைத் திருகிக் கழற்றி, ஜன்னல் மேட்டில் வைத்தேன். முழங்கை பட்டுக் கீழே விழுந்தது. கருங்கல் தரை. எடுத்துக் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தேன். சுற்றியது. அப்பாடா என்று திரும்ப மாட்டினேன். விளிம்பைப் பார்த்தேனா? பார்க்கவில்லை என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. ஆனால் பார்த்திருந்தால், அப்பா கொடுத்ததை நானே போட்டுடைத்தேன் என்று யாரிடமும் சொல்லியிருக்கமாட்டேன் என்பது எனக்கே தெரியும். விழுந்ததையே நான் யாரிடமும் சொல்லவில்லை.

கண்காட்சி முடிந்து படம் வீட்டுக்கு வந்ததும், அதை ஒரு அட்டையில் வைத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். "நானும் வரட்டுமா?" என்றார் கணவர். வேண்டாம் என்றேன். முதலில் அல்சூர் பஜாரில் தையற்காரர் கடைக்குப் போனேன். அவர் கழுத்தில் டேப்புடன் எழுந்து நின்றார். "வாங்கம்மா. ஏதாவது தைக்கணுமா?" என்றார். வீடு எங்கே என்று கேட்டேன். ஒக்கலிபுரம், ரயில்பாதைப் பக்கம் என்று சொல்லி, பஸ்ஸிலிருந்து இறங்கி எப்படிப் போகவேண்டும் என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதியும் கொடுத்தார். எதற்கு என்று கேட்கவில்லை.

ஒரே அறை கொண்ட வீடு. கொடியில் காய்ந்த துணிகளில் எஞ்சின் கரி படிந்திருந்தது. அவள் என்னைக் கண்டதும் பதறிப்போய், "யாருக்கு என்னாச்சுக்கா?" என்றாள். கெட்ட செய்தி சொல்ல வந்திருக்கிறேன் என்றே நினைத்தாள். ஒன்றுமில்லை என்று சொல்லிப் பாயில் உட்கார்ந்தேன். அவள் காப்பி போட்டுக் கொடுத்தாள். குடித்து முடித்த பிறகுதான் எனக்கு வாய் திறந்தது.

"நீங்க சொன்னதுதான் சரி. மெஷின் முன்னாடியே உடைஞ்சிருந்தது. நான்தான் கீழே போட்டிருக்கேன்" என்றேன். என்னையறியாமல் 'நீங்க' என்று வந்தது. அட்டையைப் பிரித்துப் படத்தைக் காட்டினேன். தேதியைக் காட்டினேன்.

அவள் படத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். நிதானமாகப் பார்த்தாள். "சார் போட்டதா? எவ்வளவு அழகா இருக்கு. இந்தத் துணிகூட எனக்கு ஞாபகம் இருக்குக்கா. மெஷினோட சேத்துக் கொடுத்தீங்க" என்றாள். பிறகு படத்தை என் பக்கத்தில் வைத்தாள்.

"நான் அன்னிக்கே சொன்னேனேக்கா" என்றாள்.

"சொன்னீங்க."

"நீங்க நம்பாதது போகட்டும். எங்க வீட்டுக்காரரே நம்பலை. பாப்பாதான் கீழ போட்டிருப்பா, நீ அவளுக்காகப் பொய் சொல்றேன்னு சொல்லிட்டார். கூப்பிட்டுக் கேட்டார். அவ இல்லைன்னா. துணி அளக்கிற கோலால அடிச்சார். அவர் அடிக்கிற மனுஷன் இல்லக்கா, அந்த ஒரு நாள்தான். எல்லார் முன்னாடியும் தலைகுனிய வச்சுட்டாளேன்னு அவருக்குக் கோபம். மூணு தடவை இல்லைன்னா. நாலாவது தடவை ஆமான்னுட்டா."

வெளியே ஒரு ரயில் போனது. அது போய் முடியும்வரை அவள் காத்திருந்தாள்.

"அந்தச் சனிக்கிழமை கோயிலுக்குப் போய் பாவசங்கீர்த்தனம் பண்ணினா, செஞ்ச தப்பையெல்லாம் சாமியார்கிட்ட சொல்றது. புதுநன்மை வாங்கினப்புறம் வர்ற மொதல் பாவசங்கீர்த்தனம். வெளிய வந்து, 'அம்மா, நான் காப்பி மெஷின் உடைச்சதையும் பொய் சொன்னதையும் சாமியார்கிட்ட சொல்லிட்டேன்'னா. அதுக்குப் பரிகாரமா மூணு மந்திரம் சொல்லச் சொன்னாராம். முட்டி போட்டுச் சொல்லிட்டு வந்தா."

 "குழந்தை எங்கே?" என்றேன்.

"ஸ்கூல் விடுற நேரம்தான். இருங்க."

அந்தப் பெண் வந்தாள். ஒரு வருடத்தில் உயர்ந்திருந்தாள். முன்பற்கள் முளைத்திருந்தன. என்னைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். அம்மா கூப்பிட்டதும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் படத்தை அவள் மடியில் வைத்து, விரலால் காட்டிக் காட்டிச் சொன்னேன். "இதோ பாரு கண்ணு, இது எங்க வீட்டு மாமா போட்ட படம். இதுல தேதி இருக்கு. உன் புதுநன்மைக்கு முன்னாடியே மெஷின் உடைஞ்சிருக்கு. நீ உடைக்கல. உடைச்சது ஆன்ட்டி. உன்மேல தப்பே இல்ல."

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆள்காட்டி விரலை அந்த விரிசல் மேல், காகிதத்தில் படாமல், மேலிருந்து கீழே நகர்த்தினாள்.

"இது நான் உடைச்சதுதான் ஆன்ட்டி" என்றாள்.

"இல்லம்மா, தேதியைப் பாரு."

"நான் கொட்டை போட்டப்ப கைதவறிடுச்சு. டங்குன்னு சத்தம் வந்துச்சு. எனக்கு ஞாபகம் இருக்கு."

"அவ அந்த மெஷின் கிட்டயே போகலக்கா" என்றாள் அம்மா தாழ்ந்த குரலில். "கவுன் அழுக்காயிடும்னு நான் சமையல் பக்கமே விடலை."

நான் திரும்பவும் சொன்னேன். வேறு மாதிரி சொல்லிப் பார்த்தேன். அந்தப் பெண் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். கடைசியில், நான் வருத்தப்படுகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, "பரவால்ல ஆன்ட்டி, சாமியார் மன்னிச்சுட்டார்" என்றாள்.

படத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்று நீட்டினேன். என்னிடம் வேறு என்ன இருந்தது? அவள் அம்மா வாங்கிக்கொள்ளவில்லை. "நல்ல படம்க்கா. ஆனா இங்க வேணாம். பாப்பா தினம் பார்ப்பா" என்றாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா. வந்தீங்களே" என்றாள். வரக்கூடிய தூரத்தில்தான் ஒரு வருடமாக இருந்தாள் என்பதை அவள் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் குழாயடியில் எல்லாரும் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். எல்லார் முன்னாலும் சொன்ன பழியை எல்லார் முன்னாலும் எடுக்கவேண்டும் என்று ராத்திரி முழுவதும் வார்த்தைகளைத் தயார்செய்து வைத்திருந்தேன். மெஷினை உடைத்தது நான்தான், தையற்காரர் மனைவி பொய் சொல்லவில்லை என்று சொன்னேன். குடம் நிரம்பி வழிந்தது. ஒருத்தி அதை நகர்த்தி அடுத்ததை வைத்தாள். வீட்டுக்காரம்மா, "ஹோகலி பிடம்மா, போகட்டும் விடு, எந்தக் காலத்துக் கதை" என்றார். இன்னொருத்தி, "அது இல்லைன்னாலும் அவங்க வேற ஏதாவது உடைச்சிருப்பாங்க" என்று சொல்லிச் சிரித்தாள். ஒரு வருடம் முன்னால் என்னுடைய ஒரு சொல்லை இவர்கள் எல்லாரும் உடனே நம்பினார்கள். இப்போது அதே வாயால் சொன்னது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. நான் நின்று, "இல்ல, அவங்க எதையும் உடைச்சதில்ல" என்றேன். குழாய்ச் சத்தத்தில் யாருக்குக் கேட்டதோ தெரியாது.

ஒக்கலிபுரத்துக்கு அதன் பிறகு நாலைந்து தடவை போனேன். பண்டிகைக்குப் பலகாரம் கொண்டுபோனேன். என் கணவரும் ஒருமுறை வந்து, தையற்காரரிடம் தனியாக நின்று பேசினார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேரும் திரும்பி வந்தபோது தையற்காரர் மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். பிறகு எங்களுக்குக் குழந்தை பிறந்தது, போக்குவரத்து குறைந்தது. என் கணவர் வீட்டில் படம் போடுவது மட்டும் நிற்கவில்லை. அவர் காட்டினால் நான் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். தலைகீழாகத் தொங்கும் குடையின் கம்பியில் ஒன்று வளைந்திருந்தால் எனக்குத் தெரிந்தது. அவருக்கு அதில் சந்தோஷம். எனக்கு ஒவ்வொரு தடவையும் வேறொரு நினைப்பு.

அறுபதுகளின் நடுவில் ஒரு நாள் தையற்காரர் மனைவியை அல்சூர் மார்க்கெட்டில் பார்த்தேன். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. மகள் நர்ஸ் வேலைக்குப் படிப்பதாகச் சொன்னாள். நல்ல மார்க், நல்ல பெயர், எல்லா சிஸ்டர்களுக்கும் பிடிக்கும் என்றாள். சந்தோஷமாக இருந்தது. நான் கேட்காமலிருந்திருக்கலாம். கேட்டேன்.

"அந்த மெஷின் விஷயம் அவளுக்கு ஞாபகம் இருக்கா?"

"அதெல்லாம் மறந்திருப்பாக்கா" என்றாள். கீரைக்கட்டைப் பையில் போட்டாள். பிறகு, ஒரு வேடிக்கையைச் சொல்வது போலச் சிரித்துக்கொண்டே சொன்னாள். "ஆனா ஒண்ணு. வீட்ல எது உடைஞ்சாலும் மொதல்ல 'நான்தாம்மா'ன்னு அவதான் சொல்லுவா. போன மாசம் பக்கத்து வீட்டுப் பூனை கண்ணாடி கிளாஸைத் தட்டிவிட்டுச்சு. இவ அப்ப ஹாஸ்டல்ல இருந்தா. லீவுக்கு வந்து விஷயம் கேட்டதும், 'நான்தான் ஓரமா வச்சுட்டுப் போயிருப்பேன்'னா."

நானும் சிரிக்கவேண்டும் என்று அவள் எதிர்பார்த்தாள். சிரிக்க முயன்றேன். அவளுக்குப் பஸ் வந்துவிட்டது. "வரேன்க்கா" என்று சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள்.